முகத்தைப் பார்த்துப் பேசாதீங்க, காதைச் சோதிச்சுப் பாருங்க!

“குழந்தை யாரு ஜாடை?” என்று ஊரே கேட்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் பெற்றோருக்கு அந்தக் கேள்வியே வலிக்கும். இதற்குக் காரணம் கிரகணமும் இல்லை, அம்மா சாப்பிட்ட எதுவும் இல்லை. செல்களில் 21-வது குரோமோசோம் கூடுதலாக இருப்பதுதான்.

இதனால் பின்தலை தட்டையாக இருக்கும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும். மூக்கெலும்பும் மேல்தாடையும் சிறிதாக வளரும். வாய்க்குள் இடம் குறைவதால் நாக்கு வெளியே தெரியும்.

இது வெறும் தோற்றம் இல்லீங்க. எலும்பு சிறுத்தால் காது, மூச்சுப் பாதைகளும் குறுகும். காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம். பேச்சு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். “இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்” என்று விட்டுடாதீங்க. தூக்கத்தில் குறட்டையோ, மூச்சுத் திணறலோ இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க.

என்ன செய்யலாம்?

• ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். வெள்ளிமலை உள்ளிட்ட கல்வராயன்மலை கிராமத்துப் பெற்றோர் அன்றே குழந்தையைக் காட்டுங்க. 18 வயது வரை இலவசம்.

• முகத்தை வைத்து முடிவு கட்டாதீங்க. ரத்தத்தில் செய்யும் குரோமோசோம் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

• பாதிப் பேருக்கு இதயக் குறையும் இருக்கும். சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, இதயம், தைராய்டு பரிசோதனைகள் பற்றிக் கேளுங்க.

• மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) போனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார், போட்டோ தயாராக இருக்கட்டும். மலையில் சிக்னல் இல்லையா? கீழே இறங்கும் நாளில் முடிச்சிடுங்க.

சந்தேகமா? 104-க்கு போன் பண்ணுங்க. காது சீக்கிரம் சரியானால், பேச்சும் சீக்கிரம் வரும்.