கணினியில் தானே தொடங்கும் நிரல்கள் – ஒரு வியாபாரியின் விளக்கம்

கல்வெட்டும் காப்பியமும் ஆராயும் அறிஞர்கள் எழுதுகிற மலரில் எவர்சில்வர் பாத்திரம் விற்பவனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டரை நான் எந்தக் கல்லூரியிலும் படித்தவனில்லை. கடைக் கணக்கு எழுத வாங்கிய பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று புத்தகம் புத்தகமாகப் புரட்டித் தெரிந்துகொண்டதுதான். ஜனக்புரியில் நம்மவர் வீடுகளுக்குப் போனால் காபி டம்ளரோடு கூடவே ஒரு கேள்வியும் வரும்: "சார், மெஷினை ஆன் பண்ணிட்டு குளிச்சு முடிச்சு வந்தாக்கூட திறக்க மாட்டேங்குது. புதுசு வாங்கிடலாமா?"

அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று நாம் நினைக்கும் பல இடங்களில் வயது குற்றவாளி இல்லை. நாம் கூப்பிடாமலே காலையில் எழுந்து வந்து உட்காரும் நிரல்கள்தான் காரணம்.

முதலில் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சின்ன நிரல் முதலில் கண் விழிக்கிறது. பழைய மெஷின்களில் அதற்குப் பெயர் பயாஸ், இப்போது வருபவற்றில் யு.இ.எஃப்.ஐ. அது நினைவகம், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வட்டிலிருந்து விண்டோஸை ஏற்றுகிறது. விண்டோஸ் தன் அடிப்படை வேலைக்காரர்களை, அதாவது சர்வீஸ் எனப்படும் பின்னணிச் சேவைகளை, எழுப்புகிறது. பிறகு நீங்கள் பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள். அதற்கப்புறம்தான் நம் கதாநாயகர்கள் வருகிறார்கள். திரையில் பேரன் படமோ வெங்கடாசலபதி படமோ வந்துவிடும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. அந்த நேரத்தில் பத்திருபது நிரல்கள் வரிசையில்லாமல் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்.

இதில் வட்டின் பங்கு பெரியது. பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டு. அதன்மேல் ஊசி போன்ற ஒரு முனை அங்கும் இங்கும் ஓடிப் படிக்க வேண்டும். ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கச் சொன்னால் அது சுறுசுறுப்புதான். ஒரே பையன் இருக்கும் கடையில் இருபது வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் இருபது அலமாரியிலிருந்து சாமான் கேட்டால் என்ன ஆகும்? பையன் சோம்பேறி இல்லை, ஏணி ஏறி இறங்கியே பொழுது போகிறது. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. வட்டில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. அதனால் அதே கூட்டம் அங்கே அவ்வளவாக உறைப்பதில்லை. ஆனால் நினைவகம் நாலு ஜி.பி.தான் என்றால், உட்கார்ந்த நிரல்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நாள் முழுக்க இருக்கும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பது சுவையான கதை. டாஸ் காலத்தில் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று ஒரு கோப்பு உண்டு. மெஷின் எழுந்ததும் என்னென்ன ஓட வேண்டும் என்பதை அதில் ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பார்கள். சாதாரண நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் மொத்தமே 640 கிலோபைட் என்பதால், வேண்டாததை உடைமையாளரே அடித்துவிடுவார். நம் சிட்டைப் புத்தகம் மாதிரி, அவர் கையெழுத்து தவிர வேறு கையெழுத்து அதில் அபூர்வம். விண்டோஸ் 95 வந்த பிறகு நிலைமை மாறியது. நிறுவப்படும் நிரல் தன் பெயரைத் தானே பட்டியலில் எழுதிக்கொள்வது சர்வசாதாரணமாயிற்று. எழுதிக்கொள்ள இடமும் ஒன்றல்ல. ஸ்டார்ட்அப் என்ற கோப்புறை, ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேட்டில் சில பக்கங்கள், குறித்த நேரத்துக்கு வேலை ஏவும் டாஸ்க் ஷெட்யூலர், முன்னே சொன்ன சேவைகள் என்று பல வாசல். எல்லா வாசலையும் ஒரே திரையில் காட்ட ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி ஒன்று உண்டு. மார்க் ருஸ்ஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் ஆக்கியது. அவர்களுடைய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாப்டே வாங்கிக்கொண்டது. அதைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் வரிகள் வரும். பலவீனமான இதயம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம்!

ஏன் எல்லாரும் முன்னாலேயே வந்து உட்காரத் துடிக்கிறார்கள்? வியாபாரிக்கு இது உடனே புரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்த சரக்குக்குத்தான் விற்பனை. அரட்டை நிரல், பாட்டு நிரல், பிரிண்டர் கம்பெனியின் மை விளம்பரம், புதுப்பிப்புப் பார்க்கும் நிரல் என ஒவ்வொன்றும் "நான் கூப்பிட்டவுடன் ஓடி வருவேன்" என்று காட்ட விரும்புகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கேட்பது கொஞ்சம் இடம்தான். சேர்ந்தால்தான் கடைக்காரனுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது.

கெட்டவர்களும் இந்த வாசலை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். 1986-இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ், பிளாப்பியின் பூட் செக்டர் என்ற முதல் பகுதியில் குடியேறியது. அந்தப் பிளாப்பியோடு மெஷினை எழுப்பினால் விண்டோஸோ டாஸோ வருமுன்பே அது வந்துவிடும். 1990-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸும் அதே இனம். ஜனவரி 5 அன்று மெஷினை முடக்கிவிட்டு, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் செய்யச் சொல்லும், டைப் செய்தால் விட்டுவிடும். பிற்பாடு பென் டிரைவ் செருகினாலே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் முதலானவை பயன்படுத்திக்கொண்டன. 2011 பிப்ரவரியில்தான் பழைய விண்டோஸ் பதிப்புகளில் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் பரவலாக அனுப்பியது. ஸ்டுடியோவில் போட்டோ பிரிண்ட் போட்டுவிட்டு வைரஸோடு வீடு திரும்பிய பென் டிரைவ்களை அந்தக் காலத்தவர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் தில்லித் தமிழருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யூனிகோட் தமிழைத் திரையில் காட்ட முடிந்தது. எழுதுவதற்கு அதனுள் இருந்த விசைப்பலகையோ இன்ஸ்கிரிப்ட் முறையில் அமைந்தது. தட்டச்சு பழகியவருக்கும் அது கைக்கு வரவில்லை, 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவருக்கும் வரவில்லை. அந்த இடைவெளியை நம்மவர்களே நிரப்பினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல், விஸ்வநாதனின் அழகி, முகுந்தராஜின் எ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். ரைட்டர் என்று வரிசையாக வந்தன. மாநிலத்துக்கு வெளியே இருந்து தமிழ் எழுதியவர்களில் எத்தனையோ பேருக்கு இவைதான் பேனா. இந்த மலருக்கு வரும் கட்டுரைகளிலும் பாதிக்கு மேல் இவற்றால் எழுதப்பட்டவையாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

இவை எல்லாம் எப்படி வேலை செய்கின்றன? கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும், அது வேர்டுக்கோ மின்னஞ்சலுக்கோ போய்ச் சேருமுன் நடுவில் பிடித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பும். அதனால் நாம் எழுத உட்காருமுன்பே அது விழித்திருந்தாக வேண்டும், தானே தொடங்கும் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும்.

இப்போது இன்னொரு நிரலை நினைத்துப் பாருங்கள். அதுவும் மெஷின் எழும்போதே எழுகிறது, ஓசையில்லாமல் உட்காருகிறது, நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் நடுவில் பிடிக்கிறது. ஆனால் தமிழாக மாற்றுவதற்குப் பதில், பாங்க் பாஸ்வேர்டைக் குறித்து வைத்து யாருக்கோ அனுப்புகிறது. இதற்குக் கீலாகர் என்று பெயர். நடத்தையை மட்டும் வைத்துப் பார்த்தால் தமிழ் எழுதும் கருவிக்கும் இந்தத் திருடனுக்கும் வெளித்தோற்றத்தில் ரொம்ப வித்தியாசம் கிடையாது. சில சமயம் வைரஸ் தடுப்பு நிரலே நம் கருவியைச் சந்தேகிப்பது இதனால்தான்.

மெஷினைச் சரிபார்க்க வரும் பையன் பெரும்பாலும் இந்தி பேசுகிறவன், நல்லவன், வேலை தெரிந்தவன். பட்டியலைத் திறப்பான். அவனுக்கு அழகியும் தெரியாது, கலப்பையும் தெரியாது. "யே க்யா ஹை, அங்கிள்?" என்று கேட்டால் பாதிப் பிழைப்பு. கேட்காமல் நிறுத்திவிட்டுப் போனால், மெஷின் வேகமாகத்தான் இருக்கும், மறுநாள் வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் வராது. எங்கள் பிளாக்கில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஊரிலிருக்கும் அக்காவுக்கு வாராவாரம் நாலு பக்கம் மின்னஞ்சல் எழுதுவார். பேரன் மெஷினைச் 'சுத்தம்' செய்த பிறகு இரண்டு மாதம் எழுதவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒருவரிடமும் சொல்லவில்லை. பட்டியலில் ஒரே ஒரு வரியை மறுபடி இயக்கினோம், தமிழ் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் டி.டி.இ.ஏ. பள்ளியில் தமிழ் படிப்பவர்கள்தான், ஆனால் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே.

இதே கணக்கின் மறுபக்கம் தொலைவிலிருந்து திரையை இயக்கும் நிரல்கள். எனிடெஸ்க் போன்றவை யோக்கியமான கருவிகள். அமெரிக்காவிலிருக்கும் மகன் இங்கே அப்பாவின் மெஷினைச் சரிசெய்வது அதனால்தான். ஆனால் "பாங்கிலிருந்து பேசறேன், கே.ஒய்.சி. முடியல" என்று பேசுகிறவர்களும் அதையேதான் இறக்கச் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அந்தப் பெயரைக் குறிப்பிட்டு எச்சரித்தது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. போனை வைத்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். முறையாக நிறுவப்பட்ட அந்த நிரல் சேவையாகப் பதிந்து மறுநாளும் தானே எழும். ஆளில்லாதபோதும் உள்ளே வர ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தால் நம் சம்மதம்கூடக் கேட்காது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, பாங்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லிவிட்டு, அந்த நிரலை அடியோடு நீக்க வேண்டும். பட்டியலில் நிறுத்தினால் மட்டும் போதாது.

மகனுக்கு வைத்த கருவியா, மோசடிக்காரன் வைத்த கருவியா என்பது மெஷினுக்குத் தெரியாது, டெக்னீஷியனுக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். ஆகையால் இந்தப் பட்டியலைப் பார்ப்பதை வெளியாளிடம் முழுசாக ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். கடைச் சாவிக்கொத்தை ஆடிட்டரிடம் கொடுப்போமா?

பார்ப்பது கஷ்டமில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதி 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. அதற்கு முன் விண்டோஸ் 98 முதலே எம்.எஸ்.கான்ஃபிக் என்று தனியாகத் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் பாரம் எவ்வளவு என்று போட்டிருக்கும். தொடங்கும்போது ஒரு விநாடிக்கு மேல் செயலியையோ மூன்று எம்.பி.க்கு மேல் வட்டையோ பயன்படுத்தினால் 'ஹை', இரண்டும் மிகக் குறைவாக இருந்தால் 'லோ'. வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தால் அந்த நிரல் அழியாது, தானே எழாது, அவ்வளவுதான். வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம், மனசு மாறினால் மறுபடி எனேபிள் செய்யலாம்.

என் வழக்கம் ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதிவிடுவது. அரட்டை, பாட்டு, விளையாட்டு, பிரிண்டர் கம்பெனியின் உபசாரங்கள் ஆகியவற்றைத் தயங்காமல் நிறுத்துவேன், அதற்குப் பிறகும் பிரிண்டர் அச்சடிக்கும். வைரஸ் தடுப்பு, தமிழ் எழுதும் கருவி, டச்பேடு, ஒலி சம்பந்தப்பட்டவை ஆகியவற்றைத் தொடுவதில்லை. புரியாத பெயரை அன்றைக்கு விட்டுவிட்டு விசாரித்துக்கொள்வேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் எதனால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது, ஒன்றிரண்டாகச் செய்வதே நல்லது. சேவைகள் பக்கம் மட்டும் கை வைக்கவே வேண்டாம். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் அதன் கேட்வே சர்வரை நிறுத்திவிட்டால் உரிமம் கிடைக்காமல் திண்டாட்டம். ஜி.எஸ்.டி. தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடுபவர்களுக்கு எம்சைனர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தாக்கலுக்குக் கடைசி நாளன்று இந்தப் பரிசோதனையில் இறங்காதீர்கள்.

2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10-இலேயே ஒலிமுறைத் தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. அது விண்டோஸின் அங்கம் என்பதால் இந்தப் பட்டியலில் தனியாக இடம் கேட்காது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அதுவே போதும். இருபது வருஷமாகக் கலப்பை பிடித்த விரலை மாற்றச் சொல்லிப் பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம் என்பது என் கட்சி.

புது மெஷின் வாங்கும் கேள்விக்கு வேறு காரணம் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பழைய மெஷின்கள் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. அது பாதுகாப்பைப் பற்றிய நியாயமான கவலை. மெதுவாக எழுகிறது என்பதற்காக மட்டும் பணத்தைக் கொட்டுவதாக இருந்தால், முதலில் பட்டியலைப் பார்த்து, அப்புறமும் மந்தமாக இருந்தால் ஹார்ட் டிஸ்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றிப் பாருங்கள். புது மெஷின் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

எவ்வளவு முன்னேற்றம் என்று கடிகாரம் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை, மறுநாள் சீக்கிரம் எழுவதற்காகத் தன் உள்பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பது அதன் பெயர். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும்போது மாற்றத்துக்கு முன்னும் பின்னும் 'ரீஸ்டார்ட்' கொடுத்தே நேரத்தைக் குறியுங்கள்.