ஹராம் அல்ல, ஆனால்...?

“மாப்பிள்ளைக்கும் நோயில்லை, பெண்ணுக்கும் நோயில்லை. பிறகு எதற்கய்யா இரத்தப் பரிசோதனை?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் படும், தலசீமியா, அரிவாள் செல் சோகை என்னும் இரு பரம்பரை நோய்களின் இயல்பை அறியாதவரையில்!

இந்நோயின் கூறு ஒன்றை மட்டும், தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ, பெற்றவர் நோயாளியல்லர். உழைப்பார், ஓடியாடுவார், தம்மிடம் அது இருப்பதை அறியாமலே வாழ்ந்தும் முடிப்பார். அத்தகைய இருவர் மணந்து கொள்ளும்போதுதான் வினை! ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. “மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்குப் பயமில்லை” என்று கணக்குப் போடுகிறார்களே, அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு கருவுக்கும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது. கடுமையான தலசீமியாவோடு பிறந்த பிள்ளைக்கு சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை இறக்க வேறு மருந்து. பெற்றவள் படும் பாட்டை எழுதவா வேண்டும்?

சவுதி அரேபியாவில், குறிப்பாகக் கிழக்கே கத்தீஃப், அல்-அஹ்ஸா வட்டாரங்களில், இத்துயர் அதிகம். உறவுக்குள் கொண்டு கொடுக்கும் வழக்கமும் அங்கு வலுவானது. 2004 முதல் நிக்காஹ்வுக்குமுன் பரிசோதனையை அந்நாடு கட்டாயமாக்கிற்று. இருவரும் கூற்றைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தால் அழைத்து எடுத்துரைப்பார்கள். முடிவு மணமக்களுடையது, சட்டம் குறுக்கே நிற்பதில்லை.

ஏன் நிற்கவில்லை? மணக்கக் கூடாதவர் யார் யார் என்பதைத் திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. நோய்க்கூறு அதில் இல்லை. ஆகவே அத்திருமணம் ஹராமல்ல, செல்லும். ஆனால், செல்லும் என்பதாலேயே சிந்திக்க வேண்டாமென்று ஆகிவிடுமா?

“விதித்தது நடக்கும்” என்பார் சிலர். சிரியாவிலே கொள்ளைநோய் என்று கேட்டுக் கலீஃபா உமர் (ரலி) பாதிவழியில் திரும்பியபோது, இறைவிதியை விட்டா ஓடுகிறீர் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்றார் உமர். அன்சாரிப் பெண்ணை மணக்கவிருந்தவரிடம், அக்குலத்தார் கண்களில் ஏதோ உண்டு, பார்த்துக்கொள் என்று நாயகம் (ஸல்) சொன்னதும் ஹதீஸில் உள்ளது. முன்கூட்டி அறிவது ஈமானுக்குக் குறைவென்று சொல்ல இடமேது? பைத்தியம், குஷ்டம் போன்றவற்றை மறைத்து முடித்த மணத்தைக் கலைக்கும் உரிமையைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் தந்திருக்கிறார்கள். கூற்றைச் சுமப்பது அத்தகைய நோயல்ல. என்றாலும், தெரிந்துகொண்டே மறைப்பவரை எந்த மத்ஹபும் மெச்சாது.

துணிந்து மணந்தவர்களைப் பாவிகள் என்று தூற்றுவதும் தவறு. 1990-இல் மக்காவின் ஃபிக்ஹு மன்றம், குணப்படுத்த இயலாத கடுங்குறை கருவில் உண்டென்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால், 120 நாட்களுக்குள், பெற்றோர் வேண்டினால் கலைக்கலாம் என்றது. அதை ஏற்காத ஆலிம்களும் உளர். ஆதலால் அந்த வாசலை நம்பி மணம் முடிப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

எடுத்துரைத்ததற்குப் பலன் உண்டா? 2004-இல் ஆபத்துள்ள இணைகளில் நூற்றுக்கு 9 பேரே விலகினர். 2009-இல் 52 பேர் விலகினர். மற்றவர்கள் ஏன் விலகவில்லை? ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது என்பதே பலர் சொன்ன காரணம். அந்த நேரத்தில் முறித்தால் பழி யார்மீது விழும்? பெண்மீதுதானே!

அங்கே சான்றிதழுக்கு ஆறு மாதமே ஆயுள். தொற்றுநோய்களுக்கும் சேர்த்துப் பார்ப்பதால் அப்படி. பரம்பரைக் கூறோ ஆறு மாதத்தில் மாறுவதல்ல. பள்ளி இறுதி வகுப்பிலேயே ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் போதும். பெண் கேட்டு வருகிறவரிடம் அந்தத் தாளை வாப்பா கொடுக்கலாம், அவருடைய தாளையும் கேட்டு வாங்கலாம்.