மேசை மேடுபள்ளமா? முதலில் அளவுகோலைச் சோதியுங்கள்!

மாணவர்களே, ஒரு மேற்பரப்பு சமதளமாக இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "அளவுகோலை வைத்துப் பார்ப்போம்" என்பீர்கள். சரி, அந்த அளவுகோல் நேராக இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கடந்த பள்ளி விடுமுறையில் என் மாமா வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. பணி ஓய்வு பெற்ற மாமா, கார் நிறுத்தும் இடத்தில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே பழைய மேசை ரம்பம் ஒன்று உண்டு. வார்ப்பிரும்பு மேசையின் நடுவே உள்ள பிளவு வழியாக வட்ட ரம்பம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை மேசைமீது வைத்துத் தள்ளினால் அறுபடும்.

ஒரு நாள் பலகை ஆடியது. ரம்பத்தில் சிக்கி, பின்னோக்கிப் பறந்து, வாசல் கதவில் மோதியது. சற்று ஒதுங்கி நின்றதால் மாமாவுக்கு அடிபடவில்லை. அலுமினியச் சட்டத்தை மேசைமீது வைத்துப் பார்த்தார். நடுவில் இடைவெளி தெரிந்தது. "மேசையில் பள்ளம். தேய்ப்பு இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்தப் போகிறேன்" என்றார்.

"தேய்த்த இரும்பு திரும்ப வராது, மாமா. முதலில் சரியாக அளந்து பார்ப்போம்" என்றேன்.

பலகை ஏன் பறந்தது?

ரம்பத்தின் விட்டம் 25.4 செ.மீ. அது நிமிடத்திற்கு 4000 முறை சுழல்வதாகக் கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 0.8 மீட்டர், வினாடிக்குச் சுமார் 67 சுழற்சிகள். பெருக்கினால், ஒவ்வொரு பல்லும் வினாடிக்கு 53 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர்!

ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி நகர்ந்து, பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுந்து, அறுப்பவரின் திசைக்குத் திரும்புகின்றன. பலகை ஆடினாலோ திரும்பினாலோ பின்பக்கப் பற்களில் உரசும். அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவரை நோக்கி எறிந்துவிடும். மேசை சமமாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான்.

அளவுகோலுக்கு ஒரு தேர்வு

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு தாளில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். அளவுகோலின் விளிம்பை அவற்றோடு பொருத்தி, கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அளவுகோலைக் கோட்டின் மறுபக்கத்திற்குப் புரட்டி, அதே விளிம்பை அதே புள்ளிகளில் பொருத்தி மீண்டும் கோடு போடுங்கள். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் விலகினால் விளிம்பு வளைந்திருக்கிறது. புரட்டும்போது வளைவும் எதிர்ப்பக்கம் திரும்புவதால், பிழை இரு மடங்காகத் தெரியும்.

மாமாவின் சட்டத்தை ஒட்டுப்பலகைமீது வைத்துச் சோதித்தோம். நடுவில் கோடுகள் 1 மி.மீ. விலகின. அப்படியானால் சட்டத்தின் பிழை அரை மி.மீ. மாமா கண்ட பள்ளத்தின் பெரும்பகுதி மேசையில் இல்லை, சட்டத்தில்தான் இருந்தது!

மூன்று தட்டுகளின் இரகசியம்

நண்பரிடமிருந்து ஓர் எஃகு நேர்விளிம்பை இரவல் வாங்கினோம். "இதை எதை வைத்துச் சோதித்திருப்பார்கள்?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி.

இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜோசப் விட்வொர்த், உலோகத்தில் உண்மையான சமதளத்தை உருவாக்கும் முறையை 1840இல் கிளாஸ்கோ நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் விளக்கினார். அந்த முறைக்கு மூன்று தட்டுகள் தேவை. ஏன் இரண்டு போதாது? ஒன்று குவிந்தும் மற்றொன்று குழிந்தும் இருந்தாலும், கிண்ணமும் அதில் அமரும் பந்தும் போல அவை கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது தட்டு வந்தால் குட்டு உடையும். குழிந்த தட்டோடு பொருந்தும் மூன்றாவது தட்டு குவிந்திருக்கும். அது முதலாவது குவிந்த தட்டோடு பொருந்தாது. சாயம் தடவி, மேடு தெரியும் இடங்களை மட்டும் சுரண்டி, தட்டுகளைத் திருப்பித் திருப்பி ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று எல்லா நிலைகளிலும் பொருந்தினால், மூன்றும் சமதளமே. இதற்கு வேறு அளவுகோலே தேவையில்லை!

மாமாவின் மேசையில் கண்டது

மின்செருகியைக் கழற்றி, ரம்பத்தை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். நேர்விளிம்பை நீளவாக்கில், குறுக்கே, இரு மூலைவிட்டங்களில் என வைத்து, பின்னால் கைவிளக்கைப் பிடித்தோம். வெளிச்சம் கசிந்த இடத்தில் ஃபீலர் கேஜைச் செருகி அளந்தோம். மோட்டார் பட்டறைகளில் இருக்குமே, குறித்த தடிப்புள்ள மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுதி, அதுதான்.

நடு மேசையின் ஆழமான பள்ளம் வெறும் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் தடிப்பு. நீளமான பலகை இத்தகைய பள்ளத்தைப் பாலம்போல் கடந்துவிடும், ஆடாது. ஆனால், திருகாணிகளால் பக்கவாட்டில் இணைக்கப்பட்ட இறக்கை, வெளி ஓரத்தில் 0.6 மி.மீ. தாழ்ந்திருந்தது. இதனால் இணைப்பு இடத்தில் ஒரு மேடு உருவாகி, பலகை அதன்மேல் ஏற்றப்பலகைபோல் ஆடியிருக்கிறது. பள்ளத்தைவிட மேடுதான் ஆபத்து.

இதைச் சரிசெய்யக் கணிதம் கைகொடுத்தது. இறக்கையின் அகலம் 240 மி.மீ.; இணைப்பு விளிம்பின் உயரம் 40 மி.மீ. விகிதம் 6. வடிவொத்த முக்கோணங்களின்படி, இணைப்பின் அடிப்பகுதியில் 0.1 மி.மீ. தடிப்பைச் செருகினால், வெளி ஓரம் 0.6 மி.மீ. உயரும். அந்தத் தடிப்பு எங்கே கிடைக்கும்? காலியான குளிர்பானக் கேனின் பக்கச் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்புள்ளது! தாள் ஈரத்தை உறிஞ்சும், அழுத்தத்தில் நசுங்கும். அதனால் உலோகமே நல்லது. கேனிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, இணைப்பின் கீழ்ப்புறத்தில் செருகி, திருகாணிகளை முடுக்கினோம். மீண்டும் அளந்தபோது வெளிச்சம் கசியவில்லை.

இறுதியாக, நம் நாட்டின் ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், மேசையைத் துடைத்து மெழுகு பூசினோம். மெழுகு ஈரத்தைத் தடுக்கும், உராய்வையும் குறைக்கும்.

தேய்ப்பு இயந்திரம் பெட்டியிலிருந்து வெளியே வரவேயில்லை. தேய்த்திருந்தால், வளைந்த சட்டத்தை நம்பி நல்ல மேசை பாழாகியிருக்கும்; தாழ்ந்த இறக்கையோ தாழ்ந்தபடியே இருந்திருக்கும்.

மாணவர்களே, மேசை ரம்பத்தைப் பெரியவர்களின் மேற்பார்வையின்றித் தொடாதீர்கள். ஆனால் உங்கள் எழுதுகோல் பெட்டியில் இருக்கும் அளவுகோலை இன்றே புரட்டிச் சோதிக்கலாம். வகுப்பில் மூன்று அளவுகோல்களை எடுத்து, இரண்டிரண்டாக விளிம்போடு விளிம்பு சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எத்தனை இணைகளில் வெளிச்சம் கசிகிறது? எந்த அளவுகோல் வளைந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?