ஈம் கிராமத்து எல்லைக்கல்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில், குன்றுகளின் நடுவே ‘ஈம்’ என்னும் சிற்றூர் உள்ளது. புனித லாரன்ஸ் ஆலய முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் பழமையான கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது, ஊர் எல்லையில் ஆறு குழிகளோடு கிடக்கும் சாதாரணக் கல்லே.

1665-இல் இலண்டனிலிருந்து இவ்வூர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பொதி வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு கொள்ளைநோயும் வந்தது என்பர். பொதியைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் இறந்தார். அடுத்தடுத்துப் பலர் மாண்டனர்.

1666 ஜூனில் குருவானவர் வில்லியம் மோம்பெசன் மக்களைக் கூட்டி, நாம் ஓடினால் நோயும் நம்மோடு அண்டை ஊர்களுக்குச் செல்லும் என்று எடுத்துரைத்தார். அவருக்கு முன்பு பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லியும் அவரோடு நின்றார். மக்கள் இசைந்தனர். வெளியூரார் எல்லையில் உணவை வைத்துச் செல்வர். கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பர் ஊரார். ஆலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் வழிபட்டனர்.

எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கம் செய்தார். இதை எழுதவே கை தயங்குகிறது. குருவானவரின் மனைவி கேத்தரின் (ஆங்கிலிக்கன் சபையில் குருக்கள் மணம் புரிவதுண்டு) பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவருடன் தங்கினார். ஆகஸ்டில் அவரும் இறந்தார். மாண்டோர் ஏறத்தாழ 260 பேர்.

ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று ஊரார் அப்பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகின்றனர். அப்போது கிணறுகளையும் அலங்கரிப்பர்: பலகையில் ஈரக் களிமண் பூசி, மலரிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் அமைப்பர்.