சிறுவர் படநூல்களில் மாதர் வரலாறு

தமிழ்ப் பிள்ளை செவியேற்கும் முதற் பெண்மணியின் வரலாறு பெரும்பாலும் ஔவையாருடையதே. நாவல் மரத்தடியில் நிகழ்ந்த அந்த உரையாடலைக் கேளாத பிள்ளை வன்னியில் அரிது. ஆயினும் அக்கதையில் ஒரு குறை உண்டு. இளமை வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமையை வரமாகப் பெற்றவர் அவர் என்பது வழக்கு. ஆதலால் கையிற் கோலும் தலையில் நரையுமாகவே நம் முன் தோன்றுகின்றார். நான்கு வயதுச் சிறுமி அவரை ஆச்சியென்று மதிப்பாள்; தன்னைப் போன்ற ஒருத்தியென்று எண்ணமாட்டாள்.

நல்ல படநூல் இக்குறையை நீக்குகிறது. அது பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குவதில்லை. ஒரு சிறுமியை முதலிற் காட்டுகிறது. அன்னா மணி என்பார் 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டிற் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளில் வீட்டார் வைரத்தோடு கொடுக்க முன்வந்தபோது, அதனை வேண்டாமென்று கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டார். (தோட்டை மறுத்த மகளை எந்த அம்மாவும் சற்று முறைத்தே பார்த்திருப்பார்!) பின்னாளில் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்து, பிற நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். மாரி மழையையும் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் பெரியோர் நாள்தோறும் பேசக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, மழையை அளப்பவர் அந்நியர் அல்லர். இவரைப் பற்றிய படநூல், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்திற் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அச்சிட்டுக் கொள்ளவும் இசைவுண்டு. நூல் வாங்க வழியற்ற முன்பள்ளிகளுக்கு இது பேருதவி.

தோல்வியைச் சொல்லலாமா என்பது அடுத்த வினா. அன்னா மணி ஆய்வுரை எழுதி முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்ற காரணத்தாற் கலாநிதிப் பட்டம் பெறவில்லை. இதனை மறைத்து வெற்றியை மட்டும் கூறினால், வழுக்கி விழுந்த பிள்ளைக்கு அந்நூல் துணையாகாது.

துன்பத்தையோ எவ்வளவு சொல்வது? வன்னியில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இன்று பாலர் வகுப்பில் இருப்போர் 2009இற்குப் பின் பிறந்தவர்கள். எனினும் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டுவோர் அந்நாட்களைக் கண்டவர்கள். மலாலா 2012இற் சுடப்பட்டார். 2014இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்றார். 2017இல் தம் வரலாற்றைச் சிறுவருக்கான படநூலாக எழுதினார். மாயப் பென்சில் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கும் சிறுமியே அந்நூலின் நாயகி. தாக்குதல் இரண்டொரு வரியிற் சொல்லப்படுகிறது. அக்காட்சி படமாக வரையப்படவில்லை. பொய்யும் இல்லை, அச்சமூட்டலும் இல்லை. படித்துக் காட்டும் அம்மாவின் குரல் நடுங்காமல் அப்பக்கத்தைக் கடந்துவிட முடிகிறது.

இனி, தொலைவிலுள்ளோர் வரலாறு மட்டும் போதாது. போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தாங்கினர். வயல் செய்தோரும் தையல் தைத்தோரும் அவர்களுள் உளர். அத்தகைய ஒருவரின் இசைவைப் பெற்று, பன்னிரண்டு தாள்களில் அவர் கதையைப் பிள்ளைகளே வரைந்து நூலாற் கோத்துவிடலாம். முதற் பக்கத்தில் மட்டும் அவர் ஐந்து வயதுச் சிறுமியாக இருக்கட்டும்.