மின்சாரத்தைத் தேக்கும் தொழில்

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி ஈடாக இருந்தாக வேண்டும். நிலக்கரி நிலையத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம்; காற்றும் வெயிலும் யார் சொல்லையும் கேட்பதில்லை. முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளுகின்றன. சூரிய மின்தகடுகள் நண்பகலில் உச்சம் தொடுகின்றன. வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஒருசேர ஓடுவதோ பொழுது சாய்ந்த பிறகு. இந்த இடைவெளியை நிரப்ப 2031-32-இல் நாட்டுக்குச் சுமார் 411 ஜிகாவாட் மணி மின்சேமிப்புத் திறன் வேண்டியிருக்கும் என்று மத்திய மின்சார ஆணையம் கணித்திருக்கிறது. அதில் 175 நீரேற்று நிலையங்களிலிருந்தும் 236 பேட்டரிகளிலிருந்தும் வர வேண்டும்.

நீரேற்று முறை பழையது, நம்பகமானது. ஆனைமலையில் பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த காடம்பாறை மின்நிலையம் 1987 முதல் இயங்குகிறது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவே 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள். மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் இவை பம்ப்புகளாக மாறிக் கீழணை நீரை மேலே ஏற்றும். தேவை கூடும்போது அதே எந்திரங்கள் எதிர்த்திசையில் சுழன்று மின்சாரம் தரும். ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் அணை நாற்பது ஐம்பது ஆண்டு நிற்கும் என்பதால் கணக்கு கட்டுப்படியாகிறது. சிக்கல் கட்டி முடிப்பதில்தான். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது.

பேட்டரியில் கதை வேறு. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஈய-அமில பேட்டரித் தொழில் இங்கே நன்றாகவே வேரூன்றியது. பழைய பேட்டரியைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதின் விலையில் கழித்துக்கொள்கிறார். அதன் ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரியாகிறது. (அனுமதியில்லாத உலைகள் கக்கும் ஈயப் புகை தனியே பேச வேண்டிய கொடுமை.) லித்தியம் அயனி பேட்டரிக்கு இப்படி ஒரு உள்நாட்டுச் சங்கிலி அமையவில்லை.

ஆராய்ச்சி இல்லாததல்ல காரணம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. லித்தியம் அயனி செல்லை உள்நாட்டிலேயே உருவாக்கும் தொழில்நுட்பத்தை அந்த நிறுவனம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற்றித்தர ஒப்பந்தம் செய்தது 2018-இல். சோனி இந்த பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-இல். ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே கிடந்த தூரம் இதுதான்.

‘இந்தியத் தயாரிப்பு’ என்று விற்கப்படும் பேட்டரிகளில் பெரும்பாலானவை இறக்குமதி செல்களை அடுக்கி, இணைத்து, கட்டுப்பாட்டுப் பலகை பொருத்திய பேக்குகள். பேக் கட்டுவது எளிது; செல் செய்வதுதான் வித்தை. நேர்முனைப் பொருளைக் குழம்பாக்கி அலுமினியத் தகட்டிலும், கிராஃபைட்டைச் செம்புத் தகட்டிலும் மைக்ரான் பிசகாமல் பூச வேண்டும். உலர்த்தி, அழுத்தி, வெட்டி, நடுவே பிரிப்புத் தாள் வைத்துச் சுருட்ட வேண்டும். மின்பகு திரவம் ஊற்றும் அறையில் ஈரம் கிட்டத்தட்ட அறவே இருக்கக் கூடாது. ஆள் மூச்சு விட்டால் சேரும் ஈரத்தைக்கூடக் கணக்கில் வைத்துத்தான் காற்றை உலர்த்துகிறார்கள். கடைசியில் ஒவ்வொரு செல்லையும் மெதுவாக மின்னேற்றி, நாள்கணக்கில் வைத்துப் பார்த்துத் தேற்ற வேண்டும்.

இதை இங்கேயே செய்யவைக்க மத்திய அரசு 2021 மே மாதம் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. இலக்கு 50 ஜிகாவாட் மணி. செல்லின் மதிப்பில் 25 சதவீதம் இரண்டு ஆண்டுகளிலும், 60 சதவீதம் ஐந்து ஆண்டுகளிலும் உள்நாட்டில் உருவாக வேண்டும் என்பது நிபந்தனை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. எக்சைடு பெங்களூருவிலும், அமர ராஜா தெலங்கானாவின் மகபூப்நகரிலும் இறங்கின. ஆனால் ஊக்கத்தொகைத் திட்டத்தின் முதல் கெடுவுக்குள் வர வேண்டிய உற்பத்தி வரவில்லை. எந்திரங்கள் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வர வேண்டும். அவற்றை ஓட்டிப் பழக்கும் ஆட்களும் அங்கிருந்தே வர வேண்டும். 2025 ஜூலையில் சீனா, நேர்முனைப் பொருள் தயாரிக்கும் சில நுட்பங்களை வெளியே விடக் கட்டுப்பாடு போட்டது. பணத்தை ஒதுக்கிவிட்டால் கைத்திறன் தானாக வந்துவிடும் என்று திட்டம் எண்ணிவிட்டது போலும்.

இதற்கிடையே செல் விலை சரிந்தது. மின்கட்டமைப்பு பேட்டரிக்கு 2022-இல் சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 10.84 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. 2024 இறுதியில் ராஜஸ்தான் ஏலத்தில், அரசு மானியம் உட்பட, சுமார் 2.2 லட்சத்துக்கு வந்துவிட்டது. மின்வாரியங்களுக்கு இது லாபம். புதிதாகச் செல் ஆலை கட்டுபவருக்கு இதே சரிவு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பேட்டரியோடு சேர்த்துப் பேசப்படும் எரிமின்கலம் மின்சாரத்தைச் சேமிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரமாக்குகிறது. வெளியேறுவது நீரும் வெப்பமும். ஒரு மெல்லிய சவ்வு, அதன் இருபுறமும் பிளாட்டினம் கலந்த பூச்சு. இந்த இரண்டில்தான் விலை உட்கார்ந்திருக்கிறது. சென்னை தரமணியில் எரிமின்கலத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமும் கேபிஐடி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய பேருந்து 2022 ஆகஸ்டில் புனேயில் அறிமுகமானது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். அது காசியில் கங்கையில் ஓடுவதற்கானது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. ரயில்வேயின் ஹைட்ரஜன் திட்டத்துக்கான எரிமின்கலத் தொகுதிகளுக்குக் கனடாவின் பல்லார்டு நிறுவனத்துக்குத்தான் ஆர்டர் போனது. பெட்டி நம்முடையது, இதயம் வெளியூர்.

எரிபொருள் பக்கம் கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய். 2030-இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. ஆனால் அதில் பெரும் பங்கு உரத் தொழிலுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் போகும். நகரப் பேருந்துக்கும் காருக்கும் பேட்டரியே மலிவு என்பதால், எரிமின்கலத்துக்கு நெடுந்தூர லாரி, கப்பல், மின்கம்பி போகாத ரயில்தடம் போன்ற இடங்களே மிஞ்சும்.

பேட்டரிக்குக் கனிமம் இன்னொரு முட்டுக்கட்டை. 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது பலத்த ஆரவாரம் எழுந்தது. அது முதற்கட்ட ஊகம்தான். ஏலம் விட்டபோது போதிய ஆள் வரவில்லை. அரசின் காபில் நிறுவனம் 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்காவில் ஐந்து வட்டாரங்களில் லித்தியம் தேட உரிமை பெற்றது. ரிலையன்ஸ், லித்தியமே வேண்டாத சோடியம் அயனி செல் செய்யும் பிரிட்டனின் ஃபாரடியனை வாங்கியது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்து, புதிய பேட்டரியில் மறுசுழற்சிப் பொருள் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன.