ஒரே நோய், வெவ்வேறு சுருக்கப் பெயர்கள்

நீண்ட பெயர்களை முதலெழுத்துகளால் சுருக்கி வழங்குவது நிருவாகத்திலும் அறிவியலிலும் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். ஆயினும், ஒரு மொழியில் தெளிவாக விளங்கும் சுருக்கம் மற்றொரு மொழியில் வேறு வடிவம் பெறுகிறது. சில வேளைகளில் வேறு பொருளையே குறித்துவிடுகிறது. எய்ட்ஸ் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

சொல் வரிசையின் விளைவு

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த இப்பெயர், 'அக்கொயர்டு இம்யூன் டெபிஷியன்சி சிண்ட்ரோம்' என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. நோயெதிர்ப்பாற்றல் குன்றுவதால் தோன்றும் நோய்க்குறிகளின் தொகுப்பு என்பது இதன் கருத்து. ஆங்கிலத்தில் அடைமொழி முன்னும் பெயர் பின்னும் நிற்கின்றன. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் பெயரே முன்னால் வருகிறது. ஆகவே அங்குக் கடைசி எழுத்து முதலிலும் முதலெழுத்து கடைசியிலும் அமைந்து, நோயின் பெயர் 'சிடா' ஆயிற்று. எச்.ஐ.வி. என்னும் கிருமியின் பெயரும் அம்மொழிகளில் வி.ஐ.எச். என்றே எழுதப்படுகிறது. ஒரே மொழியினரிடையேகூட வேறுபாடு உண்டு: போர்த்துகீசிய மொழி வழங்கும் போர்ச்சுகலில் 'சிடா' என்பதும், பிரேசிலில் ஆங்கில வடிவமும் பயில்கின்றன. ரஷ்யர்கள் 'ஸ்பிட்' என்கின்றனர்.

ஒரு பெயர், இரு பொருள்

இந்நோய்க்குப் பெயரிடப்படுவதற்கு முன்பே, 1965இல், ஸ்வீடன் நாட்டின் வளர்ச்சி உதவி நிறுவனம் 'சிடா' என்னும் சுருக்கப் பெயருடன் தோன்றியிருந்தது. 1980களில் தமிழ்நாட்டின் சமூகக் காடுகள் திட்டத்திற்கு உதவியதும் இந்நிறுவனமே. இவ்வாறாக, உதவி வழங்கும் நிறுவனமும் உயிர்க்கொல்லி நோயும் ஒரே பெயரைத் தாங்கலாயின. எழுத்துகளுக்குத் தாமாகப் பொருளில்லை. மொழியும் சூழலுமே பொருளைத் தருகின்றன.

தமிழில் வழங்கும் முறை

தமிழில் எய்ட்ஸ், எச்.ஐ.வி. ஆகிய இரண்டும் ஒலிபெயர்ப்பாகவே வந்து சேர்ந்தன. விரிவு தெரியாத நிலையில் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது எளிதில் நேரும் பிழையாகும். எச்.ஐ.வி. என்பது கிருமி; எய்ட்ஸ் என்பது அக்கிருமித் தொற்றின் முற்றிய நிலை. தொற்று உள்ளவர் எல்லோரும் எய்ட்ஸ் நோயாளர் ஆகார். முறையான கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுவோர் பல்லாண்டு நலமுடன் வாழ இயலும். இவ்வேறுபாடு அறியாது ஒருவரது மருத்துவ அறிக்கையைப் படித்தால், அவருடைய வேலையும் மதிப்பும் பறிபோக நேரிடலாம். இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்யவே 2017ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

எனவே, அறிக்கை எழுதும் அலுவலர் சுருக்கத்தை முதன்முறை கையாளுமிடத்தில் அதன் விரிவையும் பொருளையும் தருதல் வேண்டும். அதனால் ஏற்படும் இடச்செலவு ஒரு வரியே; தவிர்க்கப்படும் தீங்கு பெரிது.